ஊதா ஏரியின் அசல்

"அழிச்சேன்னு ஒத்துக்கிட்டேன்ல, இன்னும் என்ன வேணும் உனக்கு?"

"ஒத்துக்கிட்டா ஆச்சா? அழிச்சதோட நிறுத்தினீங்களா அக்கா? அந்தக் கடுதாசி யாரு போட்டா?"

"எனக்குக் கடுதாசி எழுத வந்திருந்தா முதல்ல எங்க அம்மாவுக்குப் போட்டிருப்பேன், எப்பேர்ப்பட்ட வீட்டுல என்னைக் கட்டிக் குடுத்திருக்கேன்னு கேட்டு."

"பேச்ச மாத்தாதீங்க."

"நீ மூச்சு விட்டாத்தானே நான் பேசறதுக்கு."

இரண்டு குரல்களும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி விழுந்துகொண்டிருந்தன. எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்த கோர்ட்டம்மா மடியில் விரித்த நோட்டில் பென்சிலை ஓட்டிக்கொண்டிருந்தாள். முப்பத்தொரு வருஷம் நீதிமன்றத்தில் சாட்சிகள் சொன்னதைச் சுருக்கெழுத்தில் எடுத்தவள். ஓய்வுபெற்ற பிறகும் யாராவது வாயைத் திறந்தால் அவள் கை சும்மா இருக்காது. ஊரில் யாருக்கு என்ன குழப்பம் வந்தாலும் அவள் வீட்டு மணியை அடிப்பது வழக்கமாகிவிட்டது.

"ஒருத்தர் பேசினா எழுதலாம். ரெண்டு பேரும் சேர்ந்து பேசினா கிறுக்கத்தான் முடியும்" என்றாள் கோர்ட்டம்மா. "யாரு முதல்ல?"

"நான்" என்றார்கள் இருவரும்.

கோர்ட்டம்மாவின் நாத்தனார் சன்னலோரம் நின்று சிரிப்பை அடக்கினாள். மாடியில் குடியிருப்பவள். எந்த வழக்கு வந்தாலும் படியில் இறங்கி வரும் வேகத்தைப் பார்த்துத்தான் அவளுக்குப் பம்பரம் என்று பெயர் வந்தது.

"அண்ணி, சின்னவ பேசட்டும். பெரியவ முகத்துலயே பதில் இருக்கு" என்றாள் பம்பரம்.

"என்ன பதில் இருக்கு என் முகத்துல?" என்று பெரியவள் திரும்பினாள்.

"பம்பரம், நீ உக்காரு" என்றாள் கோர்ட்டம்மா.

அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டில் வாழும் ஓர்ப்படிகள் அவர்கள். சின்னவள் சொல்லத் தொடங்கினாள்.

"நான் போட்டோ எடுப்பேம்மா. எடுக்கறதவிட, எடுத்தத மாத்திப் பாக்கறதுதான் எனக்குப் பிடிக்கும். ஊருக்கு வெளிய ஒரு ஏரி இருக்கு. ஒரே ஒரு தடவதான் எடுத்தேன். அந்த ஒரு படத்த வெச்சு நாப்பத்தேழு ஏரி பண்ணினேன். ஒரு ஃபில்டர் போட்டா புல்லெல்லாம் பனி விழுந்த மாதிரி வெளுக்கும். இன்னொன்னுல தண்ணி எண்ணெய் மாதிரி கனத்துப் போகும். ஒன்னுல பகல் இருட்டாயிடும், ஆனா நிழல் மட்டும் பளபளன்னு நிக்கும். கடைசில ஒரு ஊதா வந்துச்சு. அத பாத்ததும் கைய எடுத்துட்டேன். அதுக்குமேல தொடக்கூடாதுன்னு தோணிச்சு."

"ஒரு மாசம் பாத்தோம் அந்தக் கூத்த" என்றாள் பெரியவள். "பச்ச ஏரி, செவப்பு ஏரி, ஊதா ஏரி. கம்ப்யூட்டர்ல இடமே இல்லைன்னு கத்திச்சு. நல்லா கலர் கலரா இருந்தத எல்லாம் வெச்சுட்டு, வெளிறிப் போயிருந்த ஒன்ன மட்டும் தூக்கினேன். அதுதான் அசல்னு எனக்கு எப்படித் தெரியும்? அழகா இல்லாததுக்குப் பேரு அசலா?"

பம்பரத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சின்னவளுக்கு வரவில்லை.

"ஒளிப்பட மன்றத்துல போட்டி வெச்சாங்க. இயற்கைக் காட்சி, ஃபில்டர் எத்தன வேணாலும் போடலாம். படம், ஃபைல், என்னென்ன செஞ்சோம்னு ஒரு சீட்டு, மூணையும் கவர்ல போட்டு ஒட்டிக் குடுக்கணும். அசல் நம்மகிட்டயே இருக்கலாம், கேட்டா காட்டணும். போன திங்கக்கிழமை வெளியூர் நடுவருங்க வந்து பாத்து, என்னோடதுதான் முதல்னு சொல்லிட்டாங்க. முதல் வந்தவங்கள மன்றம் பாலிடெக்னிக்குக்கு எழுதிக் கொடுக்கும். அங்க படத்திருத்தம் சொல்லிக்கொடுக்க ஆள் எடுக்கறாங்க. பன்னண்டு வருஷமா வீட்டுக்குள்ளயே இருக்கேம்மா. இந்த வேலை கிடைச்சா..." அவள் நிறுத்தினாள். "புதன்கிழமை மன்றத்துக்கு மொட்டைக் கடுதாசி வந்துச்சு. நான் திருடின்னு."

கடிதத்தின் நகலை நீட்டினாள். கோர்ட்டம்மா உரக்கப் படித்தாள்.

"'முதலிடம் பெற்ற ஊதா ஏரிப் படம் அந்தப் பெண் எடுத்ததல்ல. கேமராவிலிருந்து வந்தபடி கை வைக்காத அசல் இத்துடன் உள்ளது. வேறொருவர் எடுத்த காட்சியில் நிறத்தையும் இடத்தையும் மாற்றிவிட்டுத் தன்னுடையது என்கிறார். அசலைக் காட்டச் சொல்லுங்கள். அவரால் முடியாது. உண்மை விரும்பி.'"

"இன்னிக்கு சாயந்திரம் அஞ்சு மணிக்குக் கூட்டம்" என்றாள் சின்னவள். "அசலக் காட்டலன்னா என் பேர அடிச்சிடுவாங்க. அடிச்சதுக்குக் காரணத்தப் பலகையில ஒட்டுவாங்க. அதுக்கப்புறம் எந்த பாலிடெக்னிக் என்னைக் கூப்பிடும்?"

"அந்த அசல்னு அனுப்பினாங்களே, அத நீ பாத்தியா?"

"செயலாளர் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து தூக்கிக் காட்டுனார். ரெண்டு நொடி. ஊதா இல்ல, சாதாரண கலர். ஒரு மாசமா நான் பாத்த அதே ஏரிதான். பயத்துல சரியா பாக்கல."

கோர்ட்டம்மா பென்சிலை நோட்டின் ஒரு வரிக்கு அடியில் வைத்தாள். "'அவரால் முடியாது'ங்கறாங்க. உன்கிட்ட அசல் இல்லைங்கறது கடுதாசி எழுதினவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. யார் யார்கிட்ட சொன்ன?"

"அழிச்சதே அக்காதான். அப்புறம் ஸ்டூடியோக்காரர்கிட்ட, அழிஞ்சத மீட்க முடியுமான்னு கேட்டேன். அவர்தான் எனக்குப் படத்தப் பிரின்ட் போட்டுக் கொடுத்தவரு. முடியாதுன்னுட்டார். அப்புறம் செயலாளருக்கு போன் பண்ணி, அசல் அழிஞ்சு போச்சு, அது கட்டாயமான்னு கேட்டேன். பயப்படாதம்மா, யாராவது ஆட்சேபம் பண்ணினாத்தான் கேப்போம்னார்."

"உன் வீட்டுக்காரருக்கு?"

"சொல்லல. அண்ணனுக்கும் தம்பிக்கும் சண்ட மூட்டி விட்டேன்னு ஆயிடும்."

"ஆக மூணு பேரு."

"அதுல ரெண்டு பேருக்கு என்னால என்ன நஷ்டம்? இவங்களுக்குத்தான் இருக்கு. நீ வேலைக்குப் போனா அடுப்படி முழுக்க என் தலையில விழும்னு சொன்னீங்களா இல்லையா அக்கா?"

"சொன்னேன். இப்பவும் சொல்றேன். அதுக்காக?"

"அதுக்காகத்தான்."

பெரியவள் எழுந்து வாசலுக்கு நடந்தாள்.

*

ஸ்டூடியோ கடைத்தெருவின் திருப்பத்தில் இருந்தது. கோப்பைகளிலும் கண்ணாடிப் பலகைகளிலும் யார் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டூடியோக்காரர் அச்சு எந்திரத்துக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினார்.

"ஊதா ஏரிதானே? நான்தாங்க அடிச்சேன். நல்ல கை அந்தப் பொண்ணுக்கு. எனக்கே பொறாமைதான்."

"நீங்களும் போட்டிக்கு அனுப்பினீங்களோ?" என்று பம்பரம் பாய்ந்தாள்.

"அனுப்பினேன். ஆறாவது. ஆறாவதா வர்றதுக்கு எனக்கு இருபது வருஷ அனுபவம் தேவப்பட்டுச்சு பாருங்க."

"ரெண்டாவது யாரு?" என்று கேட்டாள் கோர்ட்டம்மா.

"மணல் மேட்டுப் படம் ஒன்னு. தங்க கலர்ல முக்கி எடுத்திருந்துச்சு. ஆளு மன்றத்துக்குப் புதுசு, நான் பாத்ததில்ல."

"ஏரி ஃபைல் உங்ககிட்ட இருக்கா?"

"அடிச்சதும் அழிச்சிடுவேன். ஊரு மொகமெல்லாம் சேத்து வெச்சா எந்திரம் தாங்குமா?"

"அழிக்கறதுக்கு முன்னாடி ஒரு நகல் எடுத்து வெச்சா யாருக்குத் தெரியும்?" என்றாள் பம்பரம்.

"உங்களுக்குத் தெரியும்போல இருக்கே."

"படத்தப் பத்தி அவளுக்கு ஏதாவது யோசனை சொன்னீங்களா?" என்றாள் கோர்ட்டம்மா.

"ஒன்னே ஒன்னு சொன்னேன். முதல் தடவ கொண்டு வந்தப்ப ஓரத்துல மரம் கண்ண மறிச்சுது. ஏம்மா, மரத்த வாசப்படியிலயே நிறுத்திட்டா உள்ள யாரு போவா, தண்ணியெல்லாம் கடந்துட்டுக் கடைசில மரத்துக்கு வரட்டும்னேன். ரெண்டு நாள் கழிச்சு அப்படியே செஞ்சு கொண்டுவந்துச்சு. உடனே அடிச்சுக் கொடுத்தேன்."

"சீட்டு ஏதோ எழுதணுமாமே?"

"அத வீட்டுலயே எழுதிக் கவர்ல போட்டுச்சு போல. நான் பாக்கல."

கோர்ட்டம்மா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். வெளியே வந்ததும் பம்பரம் அவள் காதைக் கடித்தாள்.

"அண்ணி, இவன்தான். பொறாமைன்னு அவன் வாயாலயே சொன்னான் பாருங்க."

"பொறாமைன்னு வாய்விட்டுச் சொல்றவன் மொட்டைக் கடுதாசி போட மாட்டான்மா. அவனுக்கு அவசியமில்ல."

"அப்ப பெரியவ."

"காலைல அவதான்னு சொன்ன, கடைத்தெருவுல இவன்தான்னு சொன்ன, மறுபடியும் அவளா?"

"மூணாவதா ஒருத்தர் இருக்காரே, அவரையும் பாத்துட்டா முடிவா சொல்லிடுவேன்."

*

மன்றத்தின் அறை நூலகக் கட்டடத்தின் மாடியில் இருந்தது. செயலாளர் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். மேசைமேல் காகிதங்கள் விளிம்பு பார்த்து அடுக்கப்பட்டிருந்தன. பேச்சும் அப்படித்தான் இருந்தது.

"எனக்கே வருத்தமான விஷயம். நல்ல பொண்ணு. ஆனா மன்றத்தோட பேருன்னு ஒன்னு இருக்கே. புகார் வந்தா விசாரிக்காம விட முடியுமா?"

"முடியாதுதான். அந்த அசலப் பாக்கலாமா?"

அவர் ஒரு உறையிலிருந்து படத்தை எடுத்து வைத்தார். அருகில் ஊதாப் படத்தையும் வைத்தார். கோர்ட்டம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தாள்.

ஊதாப் படத்தில் ஏரி ஒரு காயம்போலக் கன்றிக் கிடந்தது. வானத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே கோடே தெரியவில்லை. மற்றதில் வானம் நீலம், புல் பச்சை. நிறத்தைத் தவிர வேறு வித்தியாசமில்லை. இடது பக்கம் முழுக்கத் தண்ணீர். வலது ஓரத்தில் ஒரு மரம். மரத்தடியில் ஒரு சைக்கிள், முன்சக்கரம் இடப்பக்கம் தண்ணீரைப் பார்க்க நின்றது. அதன் பாதி உடைந்த செயின் கவருக்குக் கீழே செயின் பளிச்சென்று தெரிந்தது.

"ஒரே படந்தான். சந்தேகமில்ல" என்றாள் கோர்ட்டம்மா.

"அதத்தான் நானும் சொல்றேன்."

"ஒன்னுலேருந்து ஒன்னு வந்திருக்கு."

"ஆமா, அசல்லேருந்துதானே நகல் வரும்? அதுவுமில்லாம, அந்தப் பொண்ணே ஒத்துக்கிட்ட மாதிரி ஒன்னு இருக்கு." செயலாளர் இன்னொரு சீட்டை நகர்த்தினார். அச்சடித்த கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் விரல் அகலம்தான். சின்னவளின் பொடி எழுத்தில் வரிசையாக இருந்தது: மங்கல் நீக்கியது. இடம் மாற்றியது. பச்சை வெளுத்தது. ஊதா ஏற்றியது.

"இடம் மாற்றியதுன்னு எழுதியிருக்கு பாருங்க. காட்சி எந்த இடம்னே மறைச்சிருக்குன்னுதானே அர்த்தம்? எங்கேயோ யாரோ எடுத்தத நம்ம ஊர் ஏரின்னு காட்டியிருக்கு."

"இந்தச் சீட்ட வேற யாரெல்லாம் பாத்தாங்க?"

"யாரும் பாக்கல. நடுவர்களுக்கு எண் போட்ட படத்த மட்டுந்தான் காட்டினோம். கவரப் பிரிச்சு, ஃபைலும் சீட்டும் சரியா இருக்கான்னு பாத்து, அலமாரியில பூட்டி வெச்சது நான். சாவி என்கிட்டதான். அந்த விஷயத்துல நான் ரொம்பக் கண்டிப்பு."

மேசைமேல் செல்பேசி அதிர்ந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசினார். "சாயந்திரம் தெரிஞ்சிடும்மா. கவலப்படாத. அவர சட்டையெல்லாம் தேய்ச்சு வெச்சுக்கச் சொல்லு."

"வீட்டுல விசேஷமா?" என்றாள் பம்பரம்.

"பொண்ணு பேசினா" என்றார் செயலாளர், மேலே ஒன்றும் சொல்லாமல்.

*

"இப்ப எங்க போறோம் அண்ணி?"

"ஓர்ப்படிங்க வீட்டுக்கு."

"பாத்தீங்களா, பெரியவகிட்டதான் வந்து நிக்குது."

பெரியவள் வாசலில் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் எழவில்லை.

"வாங்க. விலங்கு கொண்டு வந்திருக்கீங்களா?"

"அந்தப் படத்துல ஒரு சைக்கிள் இருக்கே, யாரோடது?"

"என்னோடது. நான்தான் பின்னால உக்கார வெச்சு அவள ஏரிக்குக் கூட்டிட்டுப் போனேன். அவளுக்கு ஓட்டத் தெரியாது. வெயில்ல ஒரு மணி நேரம் நின்னேன், அவ ஒரு படம் எடுக்க. இப்ப நான் திருடி."

"திருடின்னு அவ சொல்லலியே. கடுதாசி போட்டீங்கன்னுதான்."

"ரெண்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம்?"

சைக்கிள் சுவரோரமாக, செயின் சுவரைப் பார்க்கச் சாய்த்து நிறுத்தப்பட்டிருந்தது. கோர்ட்டம்மா அதைத் திருப்பச் சொன்னாள். பம்பரம் ஒரே தூக்கில் திருப்பி மறுபக்கம் வந்து நின்றாள். நின்ற வேகத்தில் புடவையின் கீழ்ப்பாகம் பூராவும் செயின் மசி.

"ஐயோ, இது துவைச்சாலும் போகாதே."

"அதனாலதான் அந்தப் பக்கத்த சுவத்துக்குக் காட்டி வெப்பேன்" என்றாள் பெரியவள். "கவர் உடைஞ்சு மூணு மாசமாச்சு. மாத்தித் தர ஆளில்ல இந்த வீட்டுல."

"பம்பரம், சைக்கிளுக்கு எந்தப் பக்கம் நின்னப்ப மசி பட்டுச்சு?"

"வலப்பக்கம் அண்ணி."

"உன் சைக்கிள்ல, நீ சின்ன வயசுல ஓட்டினியே, அதுல செயின் எந்தப் பக்கம்?"

"எல்லா சைக்கிள்லயும் அந்தப் பக்கந்தான் அண்ணி."

கோர்ட்டம்மா நோட்டை மூடினாள். "சாயந்திரம் இந்த சைக்கிள மன்றத்துக்குக் கொண்டு வரணும்" என்று பெரியவளிடம் சொன்னாள். "நீங்களும் வரணும்."

"நான் எதுக்கு? தூக்கில போடவா?"

"வந்துதான் பாருங்களேன்."

*

ஐந்து மணிக்கு அறையில் ஆறேழு உறுப்பினர்கள் இருந்தார்கள். தலைவியாக இருந்த பல் டாக்டர் நடுவில். செயலாளர் அவருக்கு வலப்பக்கம். ஸ்டூடியோக்காரர் சன்னலோரம். சின்னவள் கதவருகே ஒரு முனையில், பெரியவள் மறுமுனையில். சைக்கிளை மாடிக்கு ஏற்றி வந்த பம்பரத்துக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"நீங்க கோர்ட்டுல இருந்தவங்க. சுருக்கமா சொல்வீங்கன்னு நம்பறேன்" என்றார் டாக்டர்.

"சுருக்கறதுலதான் இந்த வினையே வந்துச்சு டாக்டர்" என்றாள் கோர்ட்டம்மா. இரண்டு படங்களையும் மேசையில் வைத்தாள். "இதுல எது அசல், எது நகல்னு கேள்வி. நிறத்தப் பாத்து யாராலயும் சொல்ல முடியாது. பச்சைய ஊதா ஆக்கத் தெரிஞ்சவங்களுக்கு ஊதாவப் பச்சை ஆக்கவும் தெரியும். அதனால நான் சைக்கிளப் பாத்தேன். பம்பரம், அத முன்சக்கரம் இடப்பக்கமா வர்ற மாதிரி இவங்க முன்னாடி நிறுத்து. படத்துல இருக்கற மாதிரி."

பம்பரம் நிறுத்தினாள்.

"எல்லாரும் பாருங்க. செயின் தெரியுதா?"

"தெரியல" என்றார் ஸ்டூடியோக்காரர். "அந்தப் பக்கம் இருக்கு." சொல்லிவிட்டு மேசைமேல் இருந்த படத்தை எட்டிப் பார்த்தார். அவருடைய புருவம் மெதுவாக உயர்ந்தது.

"படத்துல தெரியுது" என்றாள் கோர்ட்டம்மா. "முன்சக்கரம் இடப்பக்கம் இருந்தா நாம பாக்கறது சைக்கிளோட இடப்புறம். செயின் எந்த சைக்கிள்லயும் வலப்புறம். அப்ப இந்தப் படம் கண்ணாடியில தெரியற மாதிரி திருப்பிப் போட்ட படம். ஊதா ஏரி திருப்பிப் போட்டதா இருக்கலாம், அதுல கை வெச்சோம்னு அவளே சொல்றா. ஆனா 'கேமராவிலிருந்து வந்தபடி கை வைக்காத அசல்' எப்படித் திரும்பியிருக்கும்?"

டாக்டர் இரண்டு படங்களையும் தன் பக்கம் இழுத்து வைத்துப் பார்த்தார்.

"கை வெச்சிருக்காங்க. ஊதா ஏரிய எடுத்து, ஊதாவ இறக்கி, புல்லுக்குப் பச்சை ஏத்தி, அசல்னு பேர் வெச்சிருக்காங்க. ஆனா ஊதா ஏரி ஏற்கெனவே திரும்பியிருக்குங்கறது அவங்களுக்குத் தெரியல. தெரிஞ்சிருந்தா நேராக்கியிருப்பாங்க, ஒரு நொடி வேலை."

"யாரு அவங்க?" என்றார் டாக்டர்.

"அசல் அழிஞ்சு போச்சுன்னு தெரிஞ்சவங்க மூணே பேர். ஸ்டூடியோக்காரருக்குத் தெரியும். ஆனா மரத்த இந்தப் பக்கத்துலேருந்து அந்தப் பக்கம் கொண்டு போன்னு யோசனை சொன்னதே அவர்தான். படம் திரும்பினது அவருக்குத் தெரியும். பெரியவங்களுக்குத் தெரியும். அந்த சைக்கிளே அவங்களோடது, அந்த மரத்தடியில ஒரு மணி நேரம் நின்னவங்க. மரம் எந்தப் பக்கம்னு மறப்பாங்களா? மூணாவது ஆள்..." அவள் செயலாளரின் பக்கம் திரும்பவில்லை. நோட்டைப் புரட்டினாள். "மூணாவது ஆள் காலைல என்கிட்ட பேசினத அப்படியே எழுதி வெச்சிருக்கேன். படிக்கறேன். 'இடம் மாற்றியதுன்னு எழுதியிருக்கு பாருங்க. காட்சி எந்த இடம்னே மறைச்சிருக்குன்னுதானே அர்த்தம்?'"

கோர்ட்டம்மா சின்னவளைப் பார்த்தாள். "நீ சீட்டுல 'இடம் மாற்றியது'ன்னு எழுதினியே, என்ன அர்த்தத்துல எழுதின?"

சின்னவள் விழித்தாள். "இடம் வலம் மாத்தினது. இடப்பக்கத்த வலப்பக்கமாக்கினது. கட்டத்துல 'வலம்' எழுத இடமில்ல, அதனால விட்டுட்டேன்." சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. "எந்த இடம்ங்கற அர்த்தத்துல நான் எழுதவே இல்லையே."

"சீட்ட எழுதினவளுக்கு இடம்னா பக்கம். சீட்டப் படிச்சவருக்கு இடம்னா ஊர். அதே வார்த்தை கடுதாசியிலயும் இருக்கு. 'நிறத்தையும் இடத்தையும் மாற்றிவிட்டு'ன்னு. ஊதா ஏரியப் பாத்தவங்களுக்கு நிறம் மாறினது தெரியும், சரி. இடம் மாறினதா யாருக்குத் தோணும்? சீட்டப் படிச்சவங்களுக்குத்தான். அந்தச் சீட்ட வேற யாருமே பாக்கல, அலமாரிச் சாவி என்கிட்டதான் இருக்குன்னு அவரே சொன்னார். ரொம்பக் கண்டிப்புன்னும் சொன்னார்."

எல்லோருடைய கண்ணும் செயலாளர்மேல் இருந்தது. அவர் முன்னால் இருந்த காகிதங்களின் விளிம்பை ஒரு தடவை தட்டிச் சரிசெய்தார். மறுபடி தட்டினார்.

"இது ஊகம்" என்றார்.

"ரெண்டாவது வந்த மணல் மேட்டுப் படம் யாரோடது?" என்றாள் கோர்ட்டம்மா.

டாக்டர் பட்டியலைப் புரட்டி ஒரு முகவரியைப் பார்த்தார். பிறகு செயலாளரைப் பார்த்தார். "இது உங்க வீட்டு முகவரி."

"என் மாப்பிள்ளை" என்றார் செயலாளர். குரல் இறங்கிவிட்டது. "ரெண்டு வருஷமா வேலையில்ல. என் பொண்ணும் அவரும் என் வீட்டுலதான் இருக்காங்க. சாப்பாட்டு மேசையில அவர் என் முகத்தப் பாக்கறதில்ல, நான் அவர் முகத்தப் பாக்கறதில்ல. இந்தப் பொண்ணுக்கு வீட்டுக்காரர் சம்பாதிக்கறார். பொழுதுபோக்குக்குப் படம் எடுக்குதுன்னு நினைச்சேன். அசல் இல்லைன்னு அதுவே போன் பண்ணிச் சொன்னப்ப..."

"பொழுதுபோக்கா?" என்றாள் சின்னவள்.

"மாப்பிள்ளைக்கு இது தெரியுமா?" என்று கேட்டார் டாக்டர்.

"தெரியாது. தெரிய வேண்டாம்."

டாக்டர் பாலிடெக்னிக்குக்கான கடிதத்தை எடுத்து, சின்னவளின் பெயரைத் தன் கையாலேயே நிரப்பிக் கையெழுத்துப் போட்டார். "திங்கக்கிழமை காலைல பத்து மணிக்கு முதல்வர நேரா போய்ப் பாரும்மா. நீங்க அலமாரிச் சாவிய வெச்சுட்டுப் போங்க சார்."

செயலாளர் சாவியை வைத்தார். எழுந்து போகும்போது காகிதங்கள் கலைந்தன. அவர் திரும்பி அடுக்கவில்லை.

ஸ்டூடியோக்காரர் சைக்கிளை ஒரு கை பிடித்துப் படியில் இறக்கிக் கொடுத்தார். "இருபது வருஷமா படத்தத் திருப்பிப் போட்டுக் கோப்பையில ஒட்டறேன். செயினப் பாக்கணும்னு எனக்குத் தோணல பாருங்க" என்று தலையை ஆட்டிக்கொண்டு போனார். பம்பரம் அவரைப் பார்க்காமல் புடவை மசியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன, முடிவா சொல்லிடுவேன்னியே?" என்றாள் கோர்ட்டம்மா.

"மூணு பேருலயும் ஒரு சந்தேகம் வெச்சிருந்தேன்ல அண்ணி. அதுல ஒன்னு சரியாத்தானே வந்துச்சு?"

தெருவில் இன்னும் வெளிச்சம் இருந்தது. சின்னவள் கடிதத்தை நான்காக மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக் கைப்பையில் வைத்தாள். அவள் முகத்தில் காலையிலிருந்து இருந்த இறுக்கம் போய், சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று வந்திருந்தது. பெரியவள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றாள்.

"அக்கா, வாங்க போலாம். நான் பின்னால உக்காந்துக்கறேன்" என்றாள் சின்னவள்.

பெரியவள் ஏறவில்லை. கைப்பிடியில் இருந்த கைகளைப் பார்த்தபடியே பேசினாள்.

"அந்த மனுஷன் உன்னைத் திருடின்னு சொல்றதுக்கு ஒரு பொய்ப் படமாவது தயார் பண்ணினார். நீ என்னைச் சொன்னியே, எதைப் பாத்துச் சொன்ன?"